பட்டறைக் கேள்வி பதில்: தெறிக்கும் ஸ்பிரிங்கும் உருண்டோடும் குண்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, உலோகத்தைக் கடையும் லேத் இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்ட முடியாமல் நிற்பவர்கள் எழுதியவை. ஐந்திலும் சிக்கலுக்குக் காரணம் ஸ்பிரிங் என்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். மாடி அறையில் சிறிய லேத் ஒன்றை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் வேகக் கியர்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கைத் திறந்து, வேகம் மாற்ற அவற்றை நகர்த்தும் கவை போன்ற ஃபோர்க்கைத் தாங்கும் தண்டை வெளியே இழுத்தபோது, உள்ளிருந்து சிறு எஃகுக் குண்டு ஒன்று தெறித்து ஓடியது. அதன் பின்னாலேயே ஒரு ஸ்பிரிங்கும் வந்து விழுந்தது. இரண்டையும் தேடி எடுத்துவிட்டேன். திரும்பப் பூட்டத்தான் முடியவில்லை. ஃபோர்க்கின் துளைக்குள், பக்கச் சுவரில் ஒரு சிறு குழி இருக்கிறது. அதில் ஸ்பிரிங்கைப் போட்டு, மேலே குண்டை வைத்து விரலால் அமுக்கினால் தண்டு நுழைய இடமில்லை. விரலை எடுத்தால் குண்டு எழுந்து வழியை அடைத்துக்கொள்கிறது. மூன்று நாட்களாக முயல்கிறேன். — வாசகர், திருநகர்

பதில்: அந்த ஃபோர்க்கைத் தொழிற்சாலையில் பூட்டியவருக்கும் இரண்டு கைகள்தான். ஆகவே அதைப் பூட்டுவதற்கென்று வடிவமைத்தவர் ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறார் என்று நம்பித் தேடுங்கள். அந்த வழியைக் கண்டுபிடிக்கும் முன் பலத்தைக் காட்டினால், ஸ்பிரிங் வளையும் அல்லது துளையின் உட்சுவர் கீறிப்போகும்.

முதலில் அந்தக் குழியின் அடியைப் பாருங்கள். சில இயந்திரங்களில் குழி வெளிப்புறம் வரை சென்று, அங்கே தலையில்லாத ஒரு கிரப் ஸ்குரூவால் அடைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் பெயின்ட்டோ பழைய எண்ணெய்ப் பிசுக்கோ படிந்து ஸ்குரூவே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, ஊசி முனையால் சுரண்டிப் பாருங்கள். ஸ்குரூ இருந்தால் உங்கள் மூன்று நாள் போராட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தண்டை முதலில் நுழைத்துவிட்டு, வெளியிலிருந்து குண்டு, ஸ்பிரிங், ஸ்குரூ என்ற வரிசையில் போட்டு, லீவர் ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று விழும் அளவுக்கு ஸ்குரூவை இறுக்கினால் போதும்.

குழியின் அடி உண்மையாகவே மூடியிருந்தால் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வெளியே திறக்காத ஒரு குழியைத் துளையின் உட்சுவரில் குடைந்த டிரில் பிட் எந்த வழியாக உள்ளே வந்திருக்கும்? பெரும்பாலும் எதிர்ச்சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். எனவே குழிக்கு நேர் எதிரே, ஃபோர்க்கின் மறுபக்கத்தில், ஒரு துளை இருக்கக்கூடும். அது குடைவதற்காக மட்டும் போடப்பட்ட துளை என்று எண்ணிப் பலர் அதைக் கவனிப்பதில்லை. பூட்டுவதற்கான வழியும் அதுவேதான். அதன் வழியே ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குண்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டைக் கம்பியில் முட்டும் வரை நுழைக்க வேண்டும். பிறகு தண்டை அழுத்திப் பிடித்தபடியே கம்பியை உருவிவிட்டு, தண்டை மேலே தள்ள வேண்டும்.

கம்பியை உருவியதும் குண்டு மீண்டும் எழுந்து வழியை மறிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டு 6 மி.மீ. விட்டமும் கம்பி 3 மி.மீ. விட்டமும் கொண்டவை என்று வைத்துக்கொண்டால், தண்டின் நுனி குண்டின் நடுவிலிருந்து 1.5 மி.மீ. தொலைவு வரை வந்துவிடுகிறது. அதாவது குண்டின் ஒரு பக்கத்தை அது ஏற்கெனவே மூடிவிட்டது. கம்பி விலகியபின் குண்டு தண்டின் விளிம்பில் தட்டும் வரைதான் எழ முடியும். அந்த நிலையில் அதன் உச்சி, தண்டு செல்லும் பாதைக்குள் சுமார் 0.4 மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும். தண்டின் முனையில் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சேம்பர் எனப்படும் சரிவு இருந்தால், அது குண்டை மெல்ல அமுக்கிக்கொண்டு ஏறிவிடும். முனையில் சரிவு இல்லாமலோ, யாரோ சுத்தியால் அடித்து விளிம்பு பிதுங்கியோ இருந்தால், தண்டைத் தொடுவதற்கு முன்பே மெல்லிய அரத்தால் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். உங்கள் மூன்று நாள் முயற்சி தோற்றதற்கு அந்தப் பிதுங்கிய விளிம்பே காரணமாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

எதிர்த் துளையும் இல்லையென்றால் டம்மி தண்டுதான் வழி. உண்மையான தண்டின் விட்டத்தைவிட 0.1 மி.மீ. குறைவான ஒரு சிறு துண்டு வேண்டும். லேத்தே பிரிந்து கிடப்பதால் அதைக் கடைந்துகொள்ள இயலாது. எனவே தேய்ந்துபோன டிரில் பிட் ஒன்றின் அடித்தண்டை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கம்பி கையில் இருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். துண்டின் ஒரு முனையை 30 டிகிரி அளவுக்குச் சரிவாக அராவி, மற்றொரு முனையைத் தட்டையாக விட்டுவிடுங்கள்.

பிறகு ஃபோர்க்கை ஹெட்ஸ்டாக்கிலிருந்து வெளியே எடுத்து, குழியின் வாய் மேல்நோக்கி இருக்குமாறு வைஸில் துணி சுற்றி மென்மையாகப் பிடியுங்கள். ஸ்பிரிங்கையும் குண்டையும் குழியில் இறக்கி, துளையின் ஒரு பக்கத்திலிருந்து தட்டைத் திருப்புளியால் குண்டை அமுக்கிக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து டம்மியின் சரிவான முனையை நுழையுங்கள். குண்டின் கால் பாகம் மட்டும் மேலே தெரியும் அளவுக்கு அமுக்கினால் போதும். மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும். டம்மி குண்டை முழுவதும் மூடியபின் ஃபோர்க்கைக் கையில் எடுத்து எப்படித் திருப்பினாலும் ஒன்றும் தெறிக்காது. அப்படியே ஹெட்ஸ்டாக்கினுள் அதன் இடத்தில் வைத்து, உண்மையான தண்டை வெளியிலிருந்து நுழைத்து, டம்மியின் தட்டையான முனையில் முட்டவிட்டு, இரண்டுக்கும் இடையில் துளியும் இடைவெளி விழாமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தண்டு குண்டின் மேல் வரும்போது டம்மி மறுபுறம் வெளியேறிவிடும்.

மறுபுறச் சுவரில் உள்ள துளை மூடியதாக இருந்தால் டம்மி அதற்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட இயந்திரத்தில் டம்மியின் நீளம், ஃபோர்க்குக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் உள்ள வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது இடையில் ஹெட்ஸ்டாக்கின் அடிக்குள் விழும். விழுந்ததைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். பித்தளை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்: காந்தம் அதைப் பிடிக்காது.

குண்டு உருளாமல் இருக்கச் சிலர் கிரீஸைக் குழியில் நிறைய அப்பிவிடுவார்கள். எண்ணெயில் ஓடும் ஹெட்ஸ்டாக்கில் அது சரியன்று. வாசலின் சிறிதளவு தடவினால் குண்டை ஒட்டவைத்துக்கொள்ளும். பின்னர் எண்ணெயோடு கலந்து கரைந்தும்விடும். தானியங்கி கியர் பெட்டிகளைப் பூட்டுபவர்கள் கையாளும் முறைதான் இது. எண்ணெய் இல்லாத இடங்களில், பல வேலைகளுக்கும் உதவும் எம்.பி. 3 கிரீஸ் நல்லது. எண் கூடக் கூடக் கிரீஸின் கெட்டித்தன்மை கூடும் என்பதால் 2ஐவிட 3 நன்றாகப் பிடித்து நிற்கும். அக்கினி நட்சத்திர நாட்களில் மதுரையின் மாடி அறைகளில் எந்தக் கிரீஸும் நண்பகலில் இளகிவிடும். இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது கைக்கும் நல்லது, கிரீஸுக்கும் நல்லது.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பார்வைக்கு அணியும் மூக்குக் கண்ணாடி இதற்குப் போதாது. பெரிய கண்ணாடித்தாள் பை ஒன்றினுள் ஃபோர்க்கையும் இரு கைகளையும் விட்டு வேலை செய்தால், தெறிப்பது பைக்குள்ளேயே விழும். பூட்டி முடித்தபின் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கடையும் துண்டைப் பிடிக்கும் ‘சக்’ பகுதியைக் கையால் சுற்றிக்கொண்டே லீவரை எல்லா நிலைகளுக்கும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் தந்தை வைத்திருந்த லேத்தை அவர் மறைவுக்குப் பின் நானே துடைத்துப் பராமரித்து வருகிறேன். வெட்டும் கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் அளவு டயலைக் கழற்றித் துடைத்துப் பூட்டியபின் அது கைப்பிடியோடு சேர்ந்து திரும்பாமல் நழுவுகிறது. மேசையின் கீழ், வில்லைப் போல் வளைந்த ஒரு சிறு தகடு கிடைத்தது. அது இதிலிருந்து விழுந்ததுதானா? எப்படித் திரும்ப வைப்பது? — வாசகி, ஒத்தக்கடை

பதில்: அதிலிருந்து விழுந்ததுதான், அம்மா. அந்தத் தகடு டயலுக்கும் உள்ளே இருக்கும் குழல் போன்ற புஷ்ஷுக்கும் நடுவில் சிக்கி, இரண்டையும் உரசிப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் டயலைக் கையால் சுழற்றிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும் முடிகிறது, கைப்பிடியைச் சுற்றும்போது டயல் கூடவே திரும்பவும் செய்கிறது. தகடு இல்லாத டயலில் தெரியும் எண்ணை நம்பிக் கடைந்தால் அளவு கெட்டுவிடும்.

புஷ்ஷின் மேலோ டயலின் உட்புறத்திலோ தகடு உட்காரும் பள்ளம் ஒன்று இருக்கும். தகட்டின் இரு நுனிகளும் பள்ளத்தின் அடியில் பட, நடுமுதுகு வெளியே புடைத்து நிற்குமாறு, சிறிது கிரீஸ் தடவி அதை அதில் ஒட்டவையுங்கள். அந்தப் புடைப்பின் மேல் டயலை நேராக ஏற்றினால் தகடு நகர்ந்து ஓடிவிடும், அல்லது டயலின் விளிம்பு அதன் முதுகில் குத்தி ஒடித்துவிடும். எனவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.1 மி.மீ. இதழ் ஒன்றைத் தகட்டின் மேல் வைத்து, அதைக் கட்டைவிரலால் அமுக்கித் தகட்டைத் தட்டையாக்கிக்கொண்டு, இதழின் மேலேயே டயலை வழுக்கவிடுங்கள். டயல் பாதிக்குமேல் ஏறியதும் இதழை உருவிவிடலாம்.

தகடு உடைந்திருந்தால் பழுதான அளவு டேப்பின் எஃகு நாடாவிலிருந்து அதே அகலத்தில் ஒரு துண்டை வெட்டி, ஓரங்களை அராவி, விரலால் மெல்ல வளைத்துக்கொள்ளலாம். பள்ளத்தில் வைத்தபின் அதன் முதுகு, பள்ளத்தின் விளிம்பைவிடச் சிறிதளவு மட்டும் உயர்ந்திருக்க வேண்டும். அதிகம் வளைத்துவிட்டால் டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்பவே கைவலி கண்டுவிடும்.

தந்தையின் கருவியை நீங்களே பிரித்துப் பூட்டுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அடுத்த முறை எதைக் கழற்றினாலும், கழற்றும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கியர் லீவருக்குள் இருந்த ஸ்பிரிங் தெறித்துக் காணாமற்போய்விட்டது. பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் போட்டேன். லீவர் நிற்கவே இல்லை, தானாக நழுவுகிறது. கடையில் வாங்கிய தடித்த ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். இப்போது லீவரை அசைக்கவே முடியவில்லை. சரியான ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? — வாசகர், உசிலம்பட்டி

பதில்: நீங்கள் செய்த இரண்டும் பலரும் செய்வதுதான். அவை ஏன் தவறின என்று தெரிந்துகொண்டால் மூன்றாவது முயற்சி பலிக்கும்.

ஸ்பிரிங்கை அமுக்கும் தூரம் கூடக் கூட அது எதிர்க்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும் என்பது இராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்ட விதி. அந்த விகிதம், அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பு, மூன்று அளவுகளைப் பொறுத்தது. கம்பியின் விட்டம் கூடினால் விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் கூடும்; சுருளின் விட்டம் கூடினால் மூன்றாம் அடுக்கில் குறையும்; சுருள்களின் எண்ணிக்கை கூடினால் அதே அளவில் குறையும். சொல்வதற்குச் சிறியதாகத் தோன்றினாலும் பட்டறையில் இது பெரிய வேறுபாட்டைக் கொண்டுவந்துவிடும். பழைய ஸ்பிரிங்கின் கம்பி 0.8 மி.மீ. என்றும், பேனா ஸ்பிரிங்கின் கம்பி அதில் பாதியான 0.4 மி.மீ. என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சுருளின் விட்டமும் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தாலும், பேனா ஸ்பிரிங்கின் விறைப்பு பதினாறில் ஒரு பங்குதான். அதனால்தான் லீவர் நழுவியது. மாறாக 1 மி.மீ. கம்பியைப் போட்டால் விறைப்பு ஏறக்குறைய 2.4 மடங்காகும். அதோடு நிற்காமல் நீங்கள் அதைப் பாதியாக வெட்டியும் விட்டீர்கள். ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் அது தளரும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் சுருள்கள் பாதியாகும்போது விறைப்பு இரட்டிப்பாகிறது.

லீவர் அசையாமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம், அதை முதலில் சோதித்துவிடுங்கள். குழியின் ஆழம் 14 மி.மீ., குண்டு 6 மி.மீ. என்றால், குண்டு முழுவதும் உள்ளே இறங்கும்போது ஸ்பிரிங்குக்கு மிஞ்சும் இடம் 8 மி.மீ. மட்டுமே. 0.8 மி.மீ. கம்பியில் பத்துச் சுருள்கள் இருந்தால், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் அது சரியாக 8 மி.மீ. ஆகிவிடும், அதற்குமேல் அது ஸ்பிரிங்காக இராது, இரும்புக் கட்டையாகிவிடும். ஒன்பது சுருள்கள் என்றால் 7.2 மி.மீ.தான், அசைய இடம் இருக்கும். உங்கள் குழியை வெர்னியரின் வால் முனையால் அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்து, கம்பியின் விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண்ணைவிட ஒரு சுருளாவது குறைவாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது மூன்று அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள்: குழியின் விட்டம், குழியின் ஆழம், குண்டின் விட்டம். குண்டையும் அளந்தே ஆக வேண்டும். 6 மி.மீ. குண்டும், கால் அங்குலமான 6.35 மி.மீ. குண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்; 6 மி.மீ. குண்டுக்காகக் குடைந்த குழியில் பெரியதை அடித்து இறக்கினால் அது திரும்பி வராது. கையில் 0.7, 0.8, 0.9 மி.மீ. கம்பியில் ஒவ்வொரு ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொண்டு, மெலிந்ததிலிருந்து தொடங்கிப் பாருங்கள். லீவரை ஒரு கையால் சற்று முயன்று மாற்ற வேண்டும். இயந்திரம் ஓடும்போது அதிர்வில் அது நழுவக் கூடாது. இவை இரண்டும் பொருந்தினால் அதுதான் உங்கள் ஸ்பிரிங்.

வெட்டிய முனையை நெருப்பில் காட்டி மடிக்கும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. சூடேறிய இடத்தில் எஃகு தன் பதத்தை இழந்துவிடும். சாணைக்கல்லில் தொட்டுத் தொட்டு எடுத்து, இடையிடையே தண்ணீரில் நனைத்துத் தட்டையாக்குங்கள்.

கேள்வி: ஐயா, நாலரை அடி லேத்தில், வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் கேரேஜின் முன்புறப் பெட்டியான ஏப்ரனைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு லீவர் தண்டுகளுக்கும் நடுவிலிருந்த துளையில் இரண்டு குண்டுகள் இருந்ததால், ஸ்பிரிங் அவற்றுக்கு இடையில்தான் போக வேண்டும் என்று எண்ணிப் போட்டுவிட்டேன். இப்போது மரை வெட்ட உதவும் ஹாஃப் நட்டும், கருவியை நகர்த்தும் தானியங்கி ஃபீடும் ஒரே நேரத்தில் விழுந்து பிடிக்கின்றன. முன்பு அப்படி விழுந்ததில்லை. இயந்திரத்தை ஓட்டலாமா? — வாசகர், மேலூர்

பதில்: ஓட்டக் கூடாது. இந்த வரியைப் படித்ததும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

லேத்தின் நீளத்துக்குக் கிடக்கும் மரைத் தண்டான லீட் ஸ்குரூவை ஹாஃப் நட் பிடித்துக்கொண்டால், லீட் ஸ்குரூ ஒரு சுற்றுச் சுற்றும்போது கேரேஜ் ஒரு மரையின் தூரம் நகர்ந்தே தீரும். ஃபீடைப் போட்டால், அதே கேரேஜை ரேக் என்ற பல் சட்டத்தில் ஓடும் பினியன் என்ற சிறு கியர் வேறொரு வேகத்தில் நகர்த்தப் பார்க்கும். கேரேஜ் ஒன்றுதான், அது இரண்டு வேகத்தில் போக முடியாது. இரண்டில் வலுக் குறைந்தது உடையும். இயந்திரத்தைச் செய்தவர் உடைவதற்கென்றே ஒரு ஷியர் பின் வைத்திருந்தால் செலவு சிறியது. இல்லாவிட்டால் பினியனின் பற்களோ ஏப்ரன் கியரின் பற்களோ போய்விடும். இதைத் தடுக்கத்தான் அந்த இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பூட்டின் நுட்பம் எளியது, ஆனால் அழகானது. இரண்டு தண்டுகளிலும், ஒன்றையொன்று நோக்கியவாறு ஒவ்வொரு பள்ளம் இருக்கும். நடுத்துளையில் கிடக்கும் பின்னின் நீளம், தண்டுகளின் மேற்பரப்புகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒரு பள்ளத்தின் ஆழமும் சேர்ந்த அளவு. தூரம் 20 மி.மீ., பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ. என்றால் பின் 23 மி.மீ. ஆகையால் பின் எப்போதும் ஏதேனும் ஒரு தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஹாஃப் நட்டின் தண்டைத் திருப்பினால் அதன் முழு உருளை பின்னை எதிர்த்தண்டின் பள்ளத்துக்குள் தள்ளி, ஃபீடின் தண்டை அசையவிடாமல் பூட்டிவிடும். ஃபீடைப் போட்டால் அதே செயல் எதிர்த்திசையில் நடக்கும். சில இயந்திரங்களில் ஒரே பின்னுக்குப் பதிலாக இரண்டு குண்டுகளும் நடுவில் ஒரு சிறு பின்னும் இருக்கும். மூன்றின் மொத்த நீளமும் அதே கணக்குத்தான்.

உங்கள் இயந்திரம் இந்த இரண்டாவது வகை. குண்டுகளுக்கு நடுவில் இருக்க வேண்டியது விறைப்பான பின். நீங்கள் வைத்திருப்பதோ அமுங்கும் ஸ்பிரிங். இரு தண்டுகளும் ஒருசேரத் திரும்பும்போது ஸ்பிரிங் அமுங்கி வழிவிட்டுவிடுகிறது. ஆகவே உங்களிடம் மிஞ்சியது ஸ்பிரிங் மட்டுமன்று. ஒரு சிறு பின்னும் எங்கோ தவறியிருக்கிறது. ஏப்ரனைக் கழுவிய டீசல் தட்டின் அடியில் படிந்திருக்கும் சகதியைக் காந்தத்தால் துழாவிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால், தண்டுகளின் இடைத்தூரத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் அளந்து கூட்டி, இரண்டு குண்டுகளின் விட்டத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சும் நீளத்துக்கு ஒரு பின்னைச் செய்துகொள்ள வேண்டும். கப்பலூர் தொழிற்பேட்டையிலோ புதூர் தொழிற்பேட்டையிலோ தெரிந்த பட்டறை இருந்தால் கடினமாக்கிய டவல் (dowel) பின் ஒன்றை அந்த நீளத்துக்குச் சாணை பிடித்துத் தரச் சொல்லுங்கள். மென்மையான இரும்பில் செய்தால் சில மாதங்களில் முனை நசுங்கி மீண்டும் இதே நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

மிஞ்சிய ஸ்பிரிங் எங்கிருந்து வந்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அது ஃபீட் லீவரை நடுநிலையில் நிறுத்தும் குண்டுக்கு உரியது. அந்த லீவர் இப்போது தொளதொளவென்று ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் அதன் குமிழுக்கு அடியில் காலியான ஒரு குழி காத்திருக்கும்.

பூட்டி முடித்தபின் பிளக்கை மாட்டாமலே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். இரண்டு லீவர்களும் நடுநிலையில் இருக்கும்போது ஒவ்வொன்றும் தடையின்றி விழ வேண்டும். ஹாஃப் நட் விழுந்திருக்கும்போது ஃபீட் லீவர் அசையவே கூடாது. ஃபீட் விழுந்திருக்கும்போது ஹாஃப் நட் மூடவே கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் மறுபடி பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: கியர் பெட்டியின் லீவரில் இழுத்து விடும் குமிழ் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே குறுக்குப் பின்னை அடிக்க மூன்று கைகள் வேண்டியிருக்கின்றன. கூடவே, பள்ளத்தில் மாட்டி உறுப்பை நகராமல் நிறுத்தும் வளையமான சர்க்கிளிப்பில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்றும் சொல்லுங்கள். — வாசகர், வாடிப்பட்டி

பதில்: 1892இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற நார்ட்டன் கியர் பெட்டியின் வழிவந்த இயந்திரங்களில் இந்தக் குமிழ் இன்றும் இருக்கிறது. புதூரில் நான் வேலை பழகிய நாட்களில் ஒரு மூத்த ஃபிட்டர் இதற்குப் பூக்கட்டும் நூலைத்தான் எடுப்பார். ஸ்பிரிங்கை வைஸில் முழுவதும் அமுக்கி, சுருள்களுக்கு வெளியே நீளவாக்கில் எதிரெதிரே இரண்டு இடங்களில் பருத்தி நூலை நான்கு மடிப்பாகச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். வைஸைத் தளர்த்தினால் ஸ்பிரிங் சுருங்கியே இருக்கும். அதை அதன் இடத்தில் இறக்கி, குறுக்குப் பின்னை நிதானமாக அடித்துவிட்டு, நூலை பிளேடால் அறுத்து நோஸ் பிளையரால் உருவி எடுத்துவிடுவார். ஒரு நூல்கூட உள்ளே தங்கக் கூடாது என்று எண்ணிப் பார்ப்பார். விரலால் அமுக்கக்கூடிய சிறு ஸ்பிரிங்குகளுக்கு மட்டுமே இது பொருந்தும். கிளட்ச் ஸ்பிரிங் போன்ற கனமானவற்றை நூலை நம்பி விடவே கூடாது, அவற்றுக்கு நீண்ட போல்ட்டும் இரண்டு தடித்த வாஷர்களும் வேண்டும்.

சர்க்கிளிப்பை விரலால் தடவிப் பாருங்கள். டை என்ற அச்சில் வெட்டி எடுத்ததால் ஒரு பக்கத்தின் விளிம்பு மழுங்கியும் மறுபக்கத்தின் விளிம்பு கூராகவும் இருக்கும். மழுங்கிய பக்கம் தான் தடுத்து நிறுத்தும் உறுப்பின்மேல் படவேண்டும். கூரான பக்கம் வெளியே, பள்ளத்தின் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். மாட்டியபின் பிளையரின் முனையால் அதைப் பள்ளத்துக்குள் ஒரு சுற்றுச் சுழற்றிப் பாருங்கள்; தங்குதடையின்றிச் சுழன்றால் முழுவதும் உட்கார்ந்துவிட்டது.